நான்கு மணி நேரத் தூரம்

விருத்தாசலம்
8.5.2004

அன்புள்ள அக்காவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாமாவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இங்கே வெயில் நூற்றாறு. மஸ்கட்டில் இதைவிட அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன், ஆகவே புலம்ப மாட்டேன்.

நேற்று நீலாவதி அத்தை வீட்டுக்கு நீ போன் செய்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா ரிசீவரைக் கொடுக்கவே இல்லை. மூன்று மாதம் என்று கேட்டதும் அழ ஆரம்பித்தது, நீ வைக்கிற வரைக்கும் அழுதது. அதனால் இனிமேல் போன் அம்மாவுக்கு. விஷயம் பேச நமக்குக் கடிதம்.

பிரசவம் இங்கேதான் என்று அம்மா முடிவு செய்துவிட்டது. திட்டக்குடியில் உன் மாமியார் வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் வைக்கலாம் என்கிறார்கள். அது நடக்காது. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். விமானக் கம்பெனிக்காரன் மாதத்தை எண்ணுவதில்லை, வாரத்தை எண்ணுகிறான். முப்பத்திரண்டு வாரம் தாண்டினால் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறான். முப்பத்தாறு தாண்டினால் ஏற்றவே மாட்டான். அம்மாவின் ஒன்பதாம் மாதம் அவன் கணக்கில் முப்பத்து நாலு, முப்பத்தைந்து. ஆகவே ஏழாம் மாதத்தில், ஆவணி பிறந்ததும் நீ கிளம்பிவிட வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கினேன். "புள்ளைய வாரத்துல எண்றானா? அவன் என்னா வாரக்கூலியா குடுக்கிறான்?" என்றது.

மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு வான்வழியில் 2,600 கிலோமீட்டர். ஒரு வெப்சைட் பத்து கூட்டிப் போடுகிறது, இன்னொன்று பத்து குறைக்கிறது. நேரம் நான்கு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கவலை இல்லை. சென்னையிலிருந்து வீட்டுக்கு இருநூற்றிருபது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். கவலை இதில்தான்.

இரண்டு வருடம் முன்னால் ஐந்தாம் மாதத்தில் கலைந்த மாதிரி இந்த முறை ஆகக் கூடாது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது. ரோடு என் பொறுப்பு. இன்றைக்கு எத்தனையாவது வாரம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதுவது உன் பொறுப்பு. உடனே எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடு.

தம்பி
கொளஞ்சிநாதன்


மஸ்கட்
26.5.2004

அன்புத் தம்பி கொளஞ்சிக்கு,

அக்கா பெரியநாயகி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, நீ ராத்திரி நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறாயா, எல்லாம் எழுது. உன் கடிதம் பதினோரு நாளில் வந்தது. கையெழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன், சோம்பேறித்தனம்தான்.

இப்போது உன் மாமாதான் சமையல். பாதி நாள் ரசத்தில் உப்பை மறந்துவிடுகிறார். ஞாபகம் வந்த நாளில் இரண்டு தடவை போடுகிறார். ஸ்டோரில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து கரண்டியைப் பிடிக்கிற மனுஷரை என்ன சொல்ல.

வாரக் கணக்கை அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கேட்டு எழுதுகிறேன். அதற்குள் எனக்குச் சில சந்தேகம். விமானத்தில் நான்கு மணி நேரமும் உட்கார்ந்தேதான் வரணுமா, கொஞ்சம் படுக்க விடுவார்களா? கழிவறை எவ்வளவு தூரம்? நம் ஊர் ரோடு இப்போது எப்படி இருக்கிறது? நீ ரோட்டை எடுத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா. நீ எடுத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவை வெயிலில் அலையவிடாதே.

உன் அக்கா
பெரியநாயகி


விருத்தாசலம்
20.6.2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் முட்டி பரவாயில்லை, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். விமானத்தில் படுக்க முடியாது. சீட்டின் அகலம் பதினேழு அங்குலம். பக்கத்து சீட் காலியாக இருந்தால் காலை நீட்டலாம். கழிவறை வால் பக்கம், ஆகவே பின்சீட்டாகக் கேள்.

இனி ரோடு. சென்னையிலிருந்து வந்தால் உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பலாம், அல்லது இன்னும் கொஞ்சம் போய் வேப்பூரில் திரும்பலாம். எது நல்ல ரோடு என்று பத்து பேரைக் கேட்டேன், பத்து விதமாகச் சொன்னார்கள். வாயால் சொல்வதை வைத்து உன்னை வரவழைக்க எனக்கு இஷ்டமில்லை. எங்கள் பீங்கான் பட்டறையில் சூளைக்குப் போகாத, காய்ந்த டீ கப் நிறைய இருக்கிறது. வேகாத கப் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தாலே விளிம்பு போய்விடும். அதில் பன்னிரண்டு எடுத்துக்கொண்டேன்.

வாடகைக் கார் ஓட்டும் சாமிதுரை அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவையாவது துபாய்க்காரர்களை ஏர்போர்ட்டில் விடப் போகிறார். வரும்போது கார் காலி. கப்புகளைப் பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொண்டுபோனேன். திரும்பும்போது வைக்கோலை எடுத்துவிட்டு, பின்சீட்டில் நீ உட்காரும் இடத்தில் வெறும் சாக்கை விரித்து அடுக்கினேன். "ஏந்தம்பி, கப்புக்கெல்லாம் ஏர்போர்ட் சவாரியா? விசா இருக்குதா?" என்றார். வேகம் மட்டும் கூடாது என்றேன். வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

உளுந்தூர்பேட்டை வழியில் ஐந்து கப் போனது. அடுத்த வாரம் மறுபடி பன்னிரண்டு வைத்து வந்ததில் வேப்பூர் வழியில் நான்கு. எல்லாமே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான். வேப்பூரிலிருந்து நம் ஊர் வரைக்கும் நான் எண்ணிய பள்ளம் நூற்றுப் பதினேழு. மூன்றாவது தடவை எழும்பூரில் ரயில் ஏறினேன். எதிர்சீட்டு அம்மா, "ஒடஞ்சிரப் போவுது, மடியில வெச்சிக்குங்க" என்றார்கள். "உடையுதான்னு பாக்கத்தான் வெச்சிருக்கிறேன்" என்றேன். விழுப்புரத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

ரயிலில் ஒரு கப்கூடப் போகவில்லை. ஆகவே நீ ரயிலில் வருகிறாய். விஷயம் முடிந்தது.

வாரக் கணக்கு இன்னும் வரவில்லை. தேதியும் வேண்டும்.

தம்பி
கொளஞ்சிநாதன்


மஸ்கட்
4.7.2004

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று தினமும் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். விசா இருக்குதா என்ற இடத்தில் ரொம்பச் சிரித்தார். முடிக்கும்போது எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினார். "ஒன் தம்பி மாதிரி ஆள நான் பாத்ததில்ல நாயகி" என்றார். நானும் பார்த்ததில்லை. அந்த ஒன்பது கப்பும் யாருக்காக உடைந்தது என்று எனக்குத் தெரியாதா?

டிக்கெட்டை மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ அவசரப்படாதே. ரயிலில் எந்தப் பெட்டி நல்லது, எந்தப் பக்கம் வெயில் அடிக்காது, வழியில் எங்கே டீ வரும், இதையெல்லாம் எழுது. பள்ளங்களையும் விடாமல் எழுது. நீ எழுதுவதைப் படிக்கிற நேரம் நான் அந்த ரோட்டில்தான் இருக்கிறேன்.

அம்மா வளையல் வாங்கிவிட்டதாக போனில் சொன்னது. பத்திரமாக இருக்கட்டும்.

உன் அக்கா
பெரியநாயகி


விருத்தாசலம்
17.7.2004

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், நீயும் அப்படி என்றுதான் எழுதுகிறாய்.

பெட்டியின் நடுவில் உட்கார். இரண்டு முனையிலும் கீழே சக்கரம் வருகிறது, ஆட்டம் அதிகம். காலை வண்டியில் கிழக்குப் பக்கம் வெயில், மேற்கு ஜன்னலைப் பிடி. விழுப்புரத்தில் டீ வரும், குடிக்காதே, அது டீ இல்லை.

இத்தோடு மூன்று கடிதத்தில் வாரக் கணக்கைக் கேட்டுவிட்டேன். நீ பள்ளத்தைக் கேட்கிறாய், வெயிலைக் கேட்கிறாய், தேதியை மட்டும் சொல்வதில்லை. ஆவணிக்கு இன்னும் ஒரு மாதம்தான். காரணம் என்ன என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒன்றுதான் தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன்.

2002 பங்குனியில் கம்மாபுரம் கல்யாணத்திலிருந்து உன்னை பைக்கில் வைத்து அழைத்து வந்தவன் நான். சுரங்க லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு. பார்த்துத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து இன்றுவரை நீயோ அம்மாவோ மாமாவோ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தத் தடவையும் ரோட்டை என்னிடம் விட உனக்குப் பயமாக இருந்தால் அப்படியே எழுது. மாமா வந்து அழைத்து வரட்டும். நான் ஸ்டேஷன் பக்கமே வரவில்லை. நீ வந்து சேர்ந்தால் போதும்.

தம்பி
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்
22.8.2004

அக்காவுக்கு,

நலம். முப்பத்தாறு நாளாகப் பதில் இல்லை. விமானத்துக்கு நான்கு மணி நேரம், கடிதத்துக்குப் பதினோரு நாள், இது எந்தக் கணக்கிலும் வரவில்லை. மூன்று வெள்ளிக்கிழமையாக மாமாதான் பேசுகிறார். நீ தூங்குகிறாய் என்கிறார். வளைகாப்புக்கு நாள் குறிக்கட்டுமா என்று திட்டக்குடியில் கேட்டு அனுப்பினார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் அம்மா என்னைத் திட்டுகிறது.

என் மேல் கோபம் என்றால் கோபம் என்று எழுது. வேறு ஏதாவது என்றால் அதை எழுது. எதுவாக இருந்தாலும் சும்மா இருக்காதே.

கொளஞ்சி


மஸ்கட்
23.8.2004

என் தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சுகத்தை எழுதுகிறேன்.

நான் வரப்போவதில்லை. இது எனக்கு மே மாதமே தெரியும். மே பத்தொன்பதாம் தேதி இங்கே டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டார். வாய் பலவீனமாக இருக்கிறதாம், பாரம் தாங்காதாம். அன்றிலிருந்து படுக்கைதான். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பன்னிரண்டு அடி, எனக்கு அனுமதித்த தூரம் அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னால் சோறு இறங்காது. உன்னிடம் சொன்னால் அம்மாவிடம் மறைக்க உனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சொன்னால் நீ ரோட்டைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவாய். நாளெல்லாம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், தம்பி. உன் கடிதம் வருகிற நாளில்தான் நான் எங்கேயாவது போய்வந்தேன். ஏமாற்றியதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது கம்மாபுரம். அன்றைக்குக் காலையில் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு உதிரம் பட்டுவிட்டது. கல்யாண வீட்டில் யாரிடம் சொல்வது? அம்மா மணவறைப் பக்கம் நின்றது. உன்னைத் தேடி வந்து, "தல வலிக்குது, வூட்டுக்குப் போவணும், வண்டிய எடுடா" என்றேன். "பந்தி போட்டுட்டாங்க, சாப்புட்டுப் போவலாம்" என்றாய். கத்தியது நான். வழியெல்லாம் நீ பள்ளத்துக்குப் பள்ளம் நின்று நின்றுதான் ஓட்டினாய். சீக்கிரம் போடா என்று உன் முதுகில் குத்திக்கொண்டே வந்தவள் நான்தான். இங்கே டாக்டரம்மாவிடம் அதையும் சொன்னேன். அப்போதும் இதே பலவீனம்தான், பூப்பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்திருந்தாலும் நின்றிருக்காது என்று சொல்லிவிட்டார்.

ஆம்பிளைப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்போது விட்டுவிட்டேன். நீ இரண்டு வருடமாக இதைத் தூக்கிக்கொண்டு நடப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். தாமதம் அதனால்தான். மன்னித்துக்கொள்.

அக்டோபர் கடைசியில் தையலைப் பிரிக்கிறார்கள். அப்போது அம்மா என் பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவை அனுப்பு. பாஸ்போர்ட் வந்ததும் விசாவை மாமா பார்த்துக்கொள்வார்.

இருபத்தேழு வாரம், ஐந்து நாள். குழந்தை உதைக்கிறது. நாங்கள் சுகம்.

உன் அக்கா
பெரியநாயகி


விருத்தாசலம்
4.9.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பட்டறையில் வைத்துப் பிரித்தேன். படித்துவிட்டு, சூளைக்குப் பின்னால் போய் இன்னொரு தடவை படித்தேன். அன்று மத்தியானம் சூளையின் வெப்பத்தை இரண்டு தடவை தப்பாகக் குறித்தேன். எனக்கு அப்படி நடந்ததில்லை.

நன்றி. அக்காவுக்கு யாரும் இந்த வார்த்தையை எழுதுவதில்லை. எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மறைத்ததற்குத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அது இன்னொரு நாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தும் என்று நீலாவதி அத்தையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொன்னேன். கத்தவில்லை. அப்படியே குந்திவிட்டது. "அவ அங்க அசையாம கெடக்கிறா. நான் இங்க வளையலுக்குப் பை தெச்சிக்கினு இருக்கிறேன்" என்றது. அப்புறம், "பாஸ்போட்டுக்கு போட்டோ எங்கடா எடுப்பாங்க?" என்று எழுந்துவிட்டது. இன்று எடுத்தாயிற்று. போட்டோவில் அம்மா போலீஸில் புகார் கொடுக்க வந்த மாதிரி இருக்கிறது.

நீ அந்தப் பன்னிரண்டு அடிக்கு மேல் நடக்காதே. ரயில் பாதை மட்டும் மிச்சம் இருக்கிறது, விழுப்புரத்திலிருந்து நம் ஜங்ஷன் வரைக்கும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். படுத்துக்கொண்டு படி.

தம்பி
கொளஞ்சிநாதன்


விருத்தாசலம்
13.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் அம்மாவின் பையில் வருகிறது. ஆகவே பதினோரு நாள் இல்லை, நான்கு மணி நேரம். அம்மா நலமா என்று நீயே பார்த்துக்கொள். நான் நலம்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நீ காட்டிக்கொடுக்காதே. போன வாரம் வரைக்கும் அம்மா, "ஆகாசத்துல நாலு மணி நேரமா? எனக்கு ஒதறலெடுக்குது" என்று இரண்டு தடவை போகவில்லை என்றே சொல்லிவிட்டது. டிக்கெட் வந்தது. புறப்பாடு 6.10, சேர்வது 8.25. உங்கள் ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று அம்மாவுக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விரல் விட்டு எண்ணியது. "ரெண்டேகால் மணி நேரந்தான் போட்டிருக்குது. நீ என்னாத்தடா நாலுன்னு பயமுறுத்துன? மெட்ராஸுக்கே அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல குந்திக்கினு போறேன். பொண்ண இவ்ளோ கிட்ட வெச்சிக்கினு ஒரு வருசமா அழுதிருக்கிறேன் பாரு" என்றது. தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொன்னது. அன்று ராத்திரியே பெட்டியை அடுக்கிவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். தப்பான கணக்கு ஒன்றைத் தெரிந்தே விட்டுவைத்தது இதுதான் முதல் தடவை. விமானத்தில் மீதி ஒன்றரை மணி நேரத்தை அம்மா எப்படியாவது சமாளிக்கும்.

பையில் உப்பு, புளி, முந்திரி, சாந்துப்பொட்டு, நான்கு டஜன் வளையல் இருக்கிறது.

தம்பி
கொளஞ்சிநாதன்


மஸ்கட்
16.10.2004

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதவே நிறைவாக இருக்கிறது. தனியாக இருக்கும் நீதான் எப்படிச் சாப்பிடுகிறாய் என்று தெரியவில்லை.

அம்மா தன் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. எட்டு இருபத்தைந்து ஆனதும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து, பையைக் கேட்டிருக்கிறது. பக்கத்து சீட்டு மன்னார்குடிக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தாராம். வெளியே வந்ததும் மாமாவிடம் முதல் வார்த்தை, "ஒன்ற மணி நேரம் லேட்டு, பாத்துக்குங்க மாப்ள. ஆகாசத்துல எதுக்கு நிறுத்துறாங்கன்னு தெரியல." மாமா ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

வந்ததும் என் கட்டிலைச் சுற்றிப் பார்த்தது. எண்ணெய் வைத்துத் தலையைப் பின்னிவிட்டு, படுத்திருந்த வாக்கிலேயே இரண்டு கைக்கும் வளையலைப் போட்டது. மாமா மஞ்சள் கரைத்துக் கொடுத்தார். அதுதான் என் வளைகாப்பு. நாள் பார்க்கவில்லை, மாதம் பார்க்கவில்லை. எனக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அம்மாவை ஏற்றி அனுப்பிய உனக்கு என்ன எழுதுவது? நீ எழுதிய வார்த்தையையே எழுதுகிறேன். நன்றி, தம்பி.

இருபத்தாறாம் தேதி தையலைப் பிரிக்கிறார்கள். வேண்டிக்கொள்.

உன் அக்கா
பெரியநாயகி


விருத்தாசலம்
6.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னையும் குழந்தையையும் கேட்க வேண்டியதே இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். அம்மாவையும் மாமாவையும் விசாரித்ததாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு கிராம், பிற்பகல் இரண்டு நாற்பது, உங்கள் நேரம். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். நீலாவதி அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தது. சாமிதுரை அண்ணன் காரை நிறுத்தி இறங்கி, "மாமன் ஆயிட்டீங்க, இனிமே மொறைக்காம பேசுங்க" என்று கையைக் குலுக்கினார்.

நேற்று வெள்ளிக்கிழமை, நீ பேசினாய். இத்தனை மாதத்தில் நீ பேசும்போது ரிசீவர் என் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை, பிடுங்க ஆள் இல்லை. பேசுவதற்கு நான்கு விஷயம் மனசில் வரிசையாக வைத்திருந்தேன். பெயர் என்ன, மஞ்சள் காமாலை பார்த்தார்களா, கைக்குழந்தையை எத்தனை நாளில் விமானத்தில் ஏற்றுவார்கள், நீ எழுந்து நடக்கிறாயா. நீ, "இந்தாடா, கேளு" என்று போனைக் குழந்தையிடம் வைத்தாய். அது அழுதது. மூச்சு வாங்கியது. மறுபடி அழுதது. அப்புறம் நீ, "கொளஞ்சி, கேட்டுதா? கேக்குதாடா?" என்று ஐந்தாறு தடவை கேட்டாய். "லைன் கட்டாயிடுச்சிம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

லைன் கட்டாகவில்லை, அக்கா. எல்லாம் நன்றாகக் கேட்டது.

தம்பி
கொளஞ்சிநாதன்